கிணற்றில் எனக்குப் பங்கில்லை

அத்தியாயம் 11

ஆத்தூர் பஸ்ஸில் ஏறினால் அரியமுத்து கடைசி சீட்டுக்குத்தான் போவார். முன்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. கடைசியில் உட்கார்ந்தால் எல்லார் பிடரியும் கண்ணில் படும்.

அன்றைக்கும் வேப்பந்தட்டையில் ஏறி அங்கேதான் உட்கார்ந்தார். மகள் பிரவீணா பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இருந்தாள். அவள் வேலை பார்க்கும் தனியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "நானும் கோர்ட்டுக்கு வரேன்ப்பா" என்று காலையில் தலை பின்னிக்கொண்டு வந்து நின்றபோதே அவருக்கு உறுத்தியது. இத்தனை வாய்தாவுக்கும் வராதவள் இன்றைக்கு எதற்கு வருகிறாள்?

கேட்டதற்கு, "உங்களுக்குத் துணைக்கு" என்றாள்.

துணைக்கு வருகிறவர்களை அரியமுத்து நம்புவதில்லை. இந்த வழக்கே துணை என்று நம்பினவர்களால் வந்ததுதான்.

நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போகலாம். கிணறு அவருடைய அப்பா வெட்டியது. அக்கா ரத்தினம்மாளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தபோது பக்கத்து நிலத்தையும் கிணற்றில் பாதித் தண்ணீரையும் சீராக எழுதி வைத்தார் அப்பா. ஒருநாள் தம்பி முறை, மறுநாள் அக்கா முறை. வருடக்கணக்காக ஒரு சொல் இல்லை. அப்புறம் அக்கா புருஷன் செத்தான், மழை பொய்த்தது, தண்ணீர் அடியில் போய் நின்றது, முறையில் சண்டை வந்தது.

ஒரு கோடையில் அரியமுத்து குனிந்து மடையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் அடி விழுந்தது. கண் விழித்தபோது அக்கா மகன் செந்தில்குமார் கையில் மம்பட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி, தையல், போலீஸ், கேஸ்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்த சமயம் பார்த்து செந்தில்குமாருக்குப் போலீஸ் வேலைக்கு ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். ராஜியாகிக் கேஸை முடித்துக்கொண்டாலும் அடித்தது உண்மை என்று ஆகிவிடும், வேலை போய்விடும், அடியே விழவில்லை என்று தம்பி சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். அதற்குப் பதிலாகக் குலதெய்வம் கோயிலில் சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினாள். "என் மவன் உம்மவளைத்தான் கட்டுவான்டா தம்பி."

அரியமுத்து கூண்டில் ஏறி, வழுக்கி விழுந்தேன் என்றார். செந்தில்குமார் விடுதலையானான். போலீஸ் உடுப்புப் போட்டான். துறையூர் பக்கம் ஒரு ஏட்டு மகளைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்த கையோடு அக்கா மோட்டார் ரூமுக்குப் பெரிய பூட்டாகப் போட்டாள். அரியமுத்துவின் வெங்காயக் காடு காய ஆரம்பித்தது. பாதிப் பங்கை நிலைநாட்டித் தரச் சொல்லி அவர் பெரம்பலூர் முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்குப் போட்டார். இன்றைக்கு அவரைக் குறுக்கு விசாரணை செய்கிற நாள்.

கிளம்பும்போது மருதாயி வாசலுக்கு வந்தாள்.

"வக்கீலம்மாகிட்டயாச்சும் எல்லாத்தையும் சொல்லிடுங்க. பழைய கேஸையும் சேத்துச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? அவங்கதானே நமக்குப் பேசறவங்க!"

"இன்னைக்கு நமக்குப் பேசுவா. நாளைக்கு அவனுக்குப் பேசுவா. வக்கீல்கிட்ட பாதி சொல்லணும், பாதி நம்ம வூட்டுல இருக்கணும். நீ ஆட்டைப் பாரு."

மருதாயி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டின நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம்தான்.

பெரம்பலூர் பாலக்கரையில் இறங்கிக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வளாகத்தில் அதற்குள் திருவிழாக் கூட்டம். ஜெராக்ஸ் கடை முன்னால் அவருடைய வக்கீல் வெற்றிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். கூட நின்றவர் எதிர்க்கட்சிக்கு அரியலூரிலிருந்து வரும் வக்கீல். அவர் ஏதோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அரியமுத்து நின்றுவிட்டார்.

"பாத்தியா?"

"என்னத்தை?" என்றாள் பிரவீணா.

"ரெண்டும் சிரிக்குது."

"சிரிச்சா என்னப்பா? ஒரே எடத்துல வேலை பாக்கறவங்க."

"என் கிணத்தை வச்சுல்ல சிரிக்கிறாங்க."

வெற்றிச்செல்வி அவரைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். முப்பது வயதுக்காரி. கையில் கேஸ் கட்டு, தோளில் கோட்டு.

"வாங்கய்யா. இன்னைக்குக் குறுக்கு விசாரணை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் மறுபடி கேக்கறேன், இந்தக் கிணத்தைப் பத்தி வேற எந்தக் கோர்ட்டுலயாவது, ஸ்டேஷன்லயாவது எதுனா சொல்லியிருக்கீங்களா?"

"இல்லைங்கம்மா."

"அந்த அடிதடிக் கேஸ்?"

"அதுல நான் வழுக்கி விழுந்ததைச் சொன்னேன். விட்டுட்டாங்க. அவ்வளவுதான்."

பிரவீணா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் ரத்தினம்மாள் மகனோடு உள்ளே வந்தாள். செந்தில்குமார் உடுப்பில் இல்லை. ஆனால் தலைமுடியும் ஷூவும் அவன் யார் என்று சொல்லின. அக்கா நேராகத் தம்பியிடமே வந்தாள். கோர்ட்டுக்கு வந்தாலும் அவளுக்கு அந்த வழக்கம் போகவில்லை.

"என்னடா, இப்படி எளைச்சுப் போயிட்டே?"

"உம்மேல கேஸ் போட்டுட்டு அலையறேன்ல, அதான்."

"போடாதேன்னு சொன்னா கேட்டியா?"

"பூட்டாதேன்னு சொன்னப்ப நீ கேட்டியா?"

"மாமா, இங்க வேணாம்" என்றான் செந்தில்குமார் மெதுவாக. அரியமுத்து அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவன் கண் பிரவீணாமேல் ஒரு நொடி நின்றதையும், அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டதையும் கவனித்துவிட்டார். வேறொருத்தியைக் கட்டிய பிறகும் இது என்ன பார்வை?

கோர்ட்டு டவாலி அரியமுத்துவின் பேரைக் கூப்பிட்டான்.

கூண்டில் ஏறி, கடவுள் சாட்சியாக உண்மை சொல்கிறேன் என்று சொல்லி முடித்தார். அரியலூர் வக்கீல் எழுந்தார். மெலிந்த ஆள், மெல்லிய குரல். கத்துகிற வக்கீல்களை அரியமுத்து நிறையப் பார்த்திருக்கிறார். குரலை உயர்த்தாதவனிடம்தான் அவருக்குப் பயம்.

"ஐயா, கண் பார்வையெல்லாம் நல்லா இருக்குங்களா?"

"உங்க கோட்டுல ஒரு பட்டன் இல்லைங்க. அது தெரியுது."

கோர்ட்டில் சிரிப்பு. முன்சீப்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அரியலூர் வக்கீல் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அரியமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"இந்தக் கிணத்துல பாதி உங்களோடதுன்னு சொல்றீங்க."

"சொல்லலைங்க. பாதி என்னோடதுதான்."

"எப்பலேர்ந்து?"

"எங்கப்பா வெட்டின நாள்லேர்ந்து."

"நடுவுல எப்பவாவது இல்லாமப் போச்சா?"

"கிணறு அங்கயேதானே இருக்கு. பங்கு எங்க போவும்?"

"நீங்களே, உங்க வாயால, எனக்குப் பங்கு இல்லைன்னு யார்கிட்டயாவது சொன்னதுண்டா?"

"நான் ஏங்க அப்படிச் சொல்றேன்?"

"சொன்னதில்லை?"

"சொன்னதே இல்லை."

அரியலூர் வக்கீல் தலையை ஆட்டினார். மீன் தூண்டிலைக் கவ்விய பிறகு யாரும் அவசரப்படுவதில்லை. மெதுவாகத் திரும்பித் தன் கட்டிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி, இதே காம்பவுண்டுல, மாஜிஸ்டிரேட் கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சாட்சி சொன்னீங்களே, ஞாபகம் இருக்குங்களா? கோர்ட்டுலேயே நகல் வாங்கியிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க. 'சம்பவ தினத்தில் எனக்கும் எதிரிக்கும் தண்ணீர்த் தகராறு எதுவும் இல்லை. அந்தக் கிணற்றில் எனக்குப் பங்கில்லை. அதனால் தகராறு வர வேண்டிய அவசியமும் இல்லை.' இது உங்க வார்த்தைங்களா?"

வெற்றிச்செல்வி எழுந்தாள். "ஆட்சேபணை. இந்தக் கேஸுக்கும் அதுக்கும்..."

"இதே கிணறும்மா, இதே சாட்சி" என்றார் முன்சீப். "உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது அரியமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள். எதிரியோடு சிரித்தவள் பார்க்கிற பார்வை அல்ல அது. கூடவே வந்தவன் கிணற்றில் தள்ளிவிட்ட பிறகு பார்க்கிற பார்வை.

"சொல்லுங்கய்யா" என்றார் அரியலூர் வக்கீல். "அன்னைக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யா? இல்லை, இன்னைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்றது பொய்யா?"

அந்த வாக்கியத்தை யாரும் அரியமுத்துவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வழுக்கி விழுந்தேன் என்பது அக்கா கேட்டது. பங்கில்லை என்பது அவராகச் சொன்னது. அரசு வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். தகராறுக்கே இடமில்லை என்று காட்டினால் கேள்வி நின்றுவிடும் என்று தோன்றியது. அதோடு, எப்படியும் பிரவீணா அந்த வீட்டுக்குப் போகிறவள், தன் பாதி அவளுக்குச் சீராகத்தானே போகப்போகிறது, இருக்கு என்றால் என்ன, இல்லை என்றால் என்ன என்று நினைத்தார். கோயிலில் சூடத்தை அணைத்த பிறகு கோர்ட்டில் சொல்கிற வார்த்தை காற்றோடு போகும் என்று நம்பினார்.

போகவில்லை. எழுதி வைத்திருக்கிறார்கள்.

முன்சீப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் பதில் சொல்லட்டும்."

வராந்தாவில் வெற்றிச்செல்வி அவரை ஒரு தூணோரம் நிறுத்தினாள்.

"காலையில கூடக் கேட்டேனேய்யா. ஏன் சொல்லலை?"

"நீங்க அந்த ஆள்கூடச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவர் பேத்தி யூகேஜி டீச்சரைக் கடிச்சுட்டாளாம். அதுக்குச் சிரிச்சேன். போதுமா?"

பேத்தி கடித்தது நிஜம்தானா என்பதுகூட அரியமுத்துவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"இதைக் கேளுங்க. என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். எந்தப் பதில் சொன்னா என்ன ஆகும்னு மட்டும் சொல்றேன். அன்னைக்குச் சொன்னது நிஜம்னா, கேஸ் இன்னைக்கே முடிஞ்சுது. அன்னைக்குச் சொன்னது பொய்னா, பொய் சாட்சி சொன்னதுக்கு உங்கமேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி அவங்க மனுப் போடலாம்."

"உள்ள தள்ளிடுவாங்களா?"

"அவ்வளவு சீக்கிரம் போட மாட்டாங்க. அதைக் கிளறினா செந்தில்குமார் எப்படி விடுதலையானார்னும் கிளறணும். அவர் வேலைக்கே வினையாயிடும். அது அவங்களுக்கும் தெரியும்."

"அப்ப கிணறு?"

"பத்திரத்துல இருக்கிற பாத்தியம், வாய் தவறிச் சொன்னதால மட்டும் போயிடாதுய்யா. ஆனா ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு ஒரு காரணம் வேணும். ஜட்ஜ் நம்பற காரணம். காரணம் இருந்தா கேஸ் நிக்கும். இல்லைன்னா, ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசறவர்னு எழுதிடுவாங்க."

காரணம் இருந்தது. காரணத்தின் பேர் பிரவீணா.

அதைச் சொன்னால் அந்தப் பேர் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறும். அக்கா மகனுக்குப் பேசி, சூடம் அணைத்து, அப்புறம் அவன் விட்டுவிட்டுப் போன பெண் என்று ஏறும். ஆண்டிமடத்திலிருந்து முந்திரித் தோப்புக்காரர்கள் வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் தாசில்தார் ஆபீஸில் இருக்கிறான். அவர்களுக்குக் கோர்ட்டுக் காகிதத்தைப் படிக்கத் தெரியாதா என்ன?

மகளைத் தேடினார். கேன்டீனில் இல்லை. டைப் அடிக்கிற கடைப் பக்கம் போனார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். செந்தில்குமார் கையைப் பிசைந்துகொண்டு ஏதோ கெஞ்சுவது போல் பேசினான். பிரவீணா கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையனைக் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தாள். அரியமுத்துவைக் கண்டதும் அவன் "வரேன் மாமா" என்று நழுவினான்.

"என்ன பேசினான்?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரு."

"கேட்டாரா! மரியாதை பலமா இருக்கே."

"போலீஸ்காரராச்சே."

"வெளையாடாதே பிரவீ. பொண்டாட்டி இருக்கிறவன் உன்கிட்ட என்ன கெஞ்சறான்?"

அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள். "நீங்க இப்ப என்னப்பா பதில் சொல்லப்போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"அது என் பாடு."

"என் பேரைச் சொல்லணும்னா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

"ஆண்டிமடத்துக்காரன் ஓடிடுவான்."

"ஓடறவன் இன்னைக்கே ஓடட்டும்."

"வாயை மூடு" என்றார். வக்கீல் சொல்லிக் கொடுத்தாளா? செந்தில் சொல்லிக் கொடுத்தானா? பேரைச் சொல்லச் சொல்கிறாளே, யாருக்கு லாபம் அதில்?

அவள் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனாள். அங்கே வெற்றிச்செல்வி டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரவீணா குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னாள். வக்கீலின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அப்புறம் டப்பாவை மூடிவிட்டு, தாளும் பேனாவும் எடுத்தாள்.

அரியமுத்து தூரத்திலிருந்தே பார்த்தார். கிட்டே போகவில்லை. போனால் பேச்சை மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மதியம் மறுபடியும் கூண்டு.

"கேள்வி ஞாபகம் இருக்குங்களா ஐயா?" என்றார் அரியலூர் வக்கீல்.

"இருக்கு."

"எது பொய்?"

அரியமுத்து அக்காவைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செந்தில்குமார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் பிரவீணா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்."

கோர்ட்டில் சின்னச் சலசலப்பு. முன்சீப் பேனாவை எடுத்தார்.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"கடவுளுக்குப் பயமில்லையா?"

"கடவுள் முன்னாடி வேற ஒருத்தர் பண்ணின சத்தியத்தை நம்பித்தாங்க, இங்க பண்ணின சத்தியத்தை மீறினேன்."

ரத்தினம்மாளின் தலை குனிந்தது.

"யார் பண்ணின சத்தியம்?"

"எங்கக்கா."

"என்னன்னு பண்ணினாங்க?"

அரியமுத்து வாயைத் திறந்தார். வெங்காயக் காடு கண்ணில் வந்தது. நுனி கருகிப் படுத்துக் கிடக்கும் வெங்காயத் தாள் வந்தது. அதற்கு மேலே, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மகளின் முகம் வந்தது.

"சொல்லுங்கய்யா. என்ன சத்தியம்?"

"அது எங்க வூட்டு விசயம்ங்க."

"வூட்டு விசயமா? கிணத்தையே இல்லைன்னு சொல்ல வச்ச விசயம் என்னன்னு கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா?"

"வேண்டாம்ங்க."

"ஐயா" என்றார் அரியலூர் வக்கீல், முன்சீப்பைப் பார்த்து. "சாட்சி முன்னாடி பொய் சொன்னேன்னு ஒத்துக்கறார். காரணம் சொல்ல மறுக்கறார். இதைப் பதிவு பண்ணிக்கணும். எனக்கு வேற கேள்வி இல்லை."

முன்சீப்பின் பேனா ஓடியது. அரியமுத்து கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போச்சு. அப்பா வெட்டின கிணறு, ஒரு பேரைச் சொல்லாததால் போச்சு.

வெற்றிச்செல்வி எழுந்தாள்.

"எங்க தரப்புல இன்னொரு சாட்சியை விசாரிக்க அனுமதி கேட்டு மனுத் தாக்கல் பண்றேன். வாதியோட மகள் பிரவீணா. இந்தச் சாட்சி ஏன் அப்படிச் சொன்னார்ங்கறதைப் பத்தியும், சம்பவ நாளைப் பத்தியும் அவங்களுக்கு நேரடியாத் தெரியும்."

அரியமுத்து கூண்டிலிருந்து இறங்கப் போனவர் படியிலேயே நின்றார்.

சம்பவ நாளைப் பற்றியா? அன்றைக்கு அவள் டீச்சர் டிரெயினிங்கில், பெரம்பலூரில் அல்லவா இருந்தாள்?

அரியலூர் வக்கீல் எதிர்ப்புச் சொன்னார். முன்சீப் இருவரையும் கேட்டுவிட்டு, எதிர்மனுவுக்கு அவகாசம் கொடுத்து அடுத்த வாய்தா போட்டார். கோர்ட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டது. யார் குடி முழுகினாலும் கோர்ட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடும்.

ஆனால் பெஞ்சில் ஒருத்தி அடுத்த கேஸுக்குப் போகவில்லை. ரத்தினம்மாள் எழுந்திருக்க முடியாமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. அவளை அப்படி அரியமுத்து, புருஷன் செத்த அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

வழி நெடுக அவர் பிரவீணாவுக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஆத்தூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. ஜன்னலோரம் இரண்டு இடம் கிடைத்தது. பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றபோது வெளியிலிருந்து ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

அக்கா.

தனியாக ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, கேஸை வாபஸ் வாங்கிடு."

"வேற எதுனா இருக்கா?"

"கிணறு உனக்குடா. உன் பாதி உனக்கு. நாளைக்கே மோட்டார் ரூமைத் தெறந்து வுடறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கறேன். என் முறையில ரெண்டு நாள் சேத்துப் பாய்ச்சிக்க. வெங்காயத்தைக் காப்பாத்திக்க."

அரியமுத்து அவளையே பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிக் கேட்காதவள், சாமி பேரில் பண்ணின சத்தியத்தைத் தூக்கி எறிந்தவள், ஜெயிக்கப் போகிற கேஸை விட்டுவிட்டு வந்து கிணற்றைக் கையில் கொடுக்கிறாள். இத்தனை நாள் அவர் கேட்டதும் இதைத்தான். ஆனால் கையை நீட்ட அவருக்குப் பயமாக இருந்தது.

"என்ன திடீர்னு?"

"பொட்டப் புள்ளையைக் கூண்டுல ஏத்தாதேடா. நம்ம குடும்பப் பேரு என்னாவறது?"

"பேரு போவட்டும்னு அவளே சொல்றா."

"அவ சின்னப் புள்ளை. மேட்டுல நின்னு எதையோ பாத்துட்டு... தூரத்துலேர்ந்து பாத்தா என்ன தெரியும்? அது எதையாச்சும் ஒளறி வச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் ரத்தினம்மாளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் அசைந்தது. அரியமுத்து மகள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீ கிணத்து மேட்டுல இருந்தியா?"

"இருந்தேன்ப்பா. பாதி நாள் லீவு விட்டாங்க. உங்களுக்குச் சோறு கொண்டாந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. பின்மண்டையில் அடி விழுந்தது முதல், செந்தில்குமார் பேரைத் தவிர வேறு பேரை அவர் நினைத்ததே இல்லை. ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், அந்த ஒரு பேரை நினைக்கவே இல்லை.

"செந்தில் மாமா மேட்டுல என் பக்கத்துலதான் வந்துக்கிட்டு இருந்தாரு" என்றாள் பிரவீணா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "நீங்க விழுந்ததுக்கு அப்புறம்தான் ஓடிப்போய் மம்பட்டியைப் புடுங்கினாரு."

யார் கையிலிருந்து என்று அவள் சொல்லவில்லை.

கம்பியைப் பிடித்தபடி ரத்தினம்மாள் பஸ்ஸோடு கூடவே ஓடி வந்தாள். "கிணறு உனக்குடா தம்பி! கிணறு உனக்கு!"

அரியமுத்து குனிந்து, கம்பியிலிருந்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தார்.

"வாய்தாவுக்கு வா, அக்கா."